கேஷ்மேல் பழி போடுகிறவர்

மனிதர்களில் ‘பொறுங்க’ என்றொரு இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. எங்கே எது ஓடாமல் நின்றுபோயிருக்கிறதோ, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக ஒருவர் நிற்கிறாரே, அவர்தான். லிஃப்ட் பாதியில் நின்றாலும் சரி, ஏ.டி.எம். கார்டை விழுங்கினாலும் சரி, கல்யாணப் பந்தியில் சாதம் போட்டுச் சாம்பார் வராமல் போனாலும் சரி, அவர் பதறமாட்டார். பதறுகிற உங்களைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். தானாகச் சரியாகிவிடும், பொறுங்கள் என்பார். இதில் கொடுமை, பத்துக்கு ஆறு தடவை அது தானாகவே சரியாகியும் விடுகிறது. அந்த ஆறைக் காட்டியே மீதி நாலை மறைத்து, அந்த நாலில் தன் கைவரிசை எவ்வளவு என்பதையும் மறைத்து, சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு நல்ல பெயரோடு ரிட்டயர் ஆனவர்கள் இந்த இனத்தில் ஏராளம்.

இந்த இனத்திலேயே உயர்ந்த ஜாதி ரகம் கம்ப்யூட்டர் ரூம்களில்தான் விளைகிறது. ஏன் தெரியுமா? மற்றவர்களின் ‘பொறுங்க’வுக்குக் காரணம் கிடையாது. இவர்களிடம் இருக்கிறது. அதன் பெயர் கேஷ்.

பணத்தைச் சொல்லவில்லை. வெப்சைட்டின் பெயரைச் சொன்னால் அது எந்த சர்வரில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்கிற பதிவேடு ஒன்று கம்ப்யூட்டர் உலகத்தில் உண்டு; டி.என்.எஸ். என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதனிடம் போய்க் கேட்பானேன் என்று, நடுவில் இருக்கிற மெஷின்கள் ஒருதரம் கேட்டு வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகம்தான் கேஷ். பதிவேட்டில் எண்ணை மாற்றினாலும், ஞாபகத்தின் கெடு முடிகிறவரை நடுவில் இருப்பவை பழைய எண்ணையே ஒப்பித்துக்கொண்டிருக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, கையில் சிக்காது, எதிர்த்துப் பேசாது, நேரம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தானே போய்விடும். பழி போட இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா?

முதலியார்பேட்டை அருள்முருகன் இந்த ரகத்தில் ஒன்றாம் நம்பர். வயது நாற்பத்தொன்று. சேதராப்பட்டில் பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனியில் பதினாலு வருஷமாகச் சர்வர் ரூம் இன்சார்ஜ். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். நூல் அறுந்தால் அறுந்துவிட்டது என்று அந்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடுகிற வேலை அது. மகனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. யாராவது போன் செய்து நெட் வரவில்லை என்றால் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு ‘ம்ம்ம்’ என்று நீளமாக ஒன்று. பிறகு கீபோர்டில் எதையோ சடசடவென்று தட்டுகிற சத்தம் மறுமுனைக்குக் கேட்கும். அது பெரும்பாலும் வெறும் ஸ்பேஸ் பார்தான். அதற்குப் பிறகு தீர்ப்பு வரும். கேஷில் இருக்கிறது, நாளைக்குக் காலையில் பாருங்கள். போனை வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சொருக மறந்தது யாரென்று யோசிப்பார். யாரென்று தெரிந்ததும் எழுந்து போய் ஓசைப்படாமல் சொருகிவிட்டு வருவார். காலையில் நெட் வரும். சார் சொன்னால் சொன்னதுதான் என்று அக்கவுன்ட்ஸ் செக்ஷன் முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி கலைவாணி மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தாயிற்றா என்று கேட்டால், கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான், ரெண்டு நாளாகும் என்பார். மிக்ஸி அவருடைய ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் மூன்றாவது வாரமாகப் பயணம் செய்துகொண்டிருக்கும். கீழ்வீட்டு ஓனர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அவருடைய வைஃபையைச் சரிசெய்யப் போய் இருந்ததையும் நிறுத்திவிட்டு, பாரிஸில் இருந்தே சிக்னல் மெதுவாகத்தான் வருகிறது என்று அவரையே நம்பவைத்தவர் நம்ம ஆள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தது புது சர்வர்.

கம்பெனிக்கு ஒரு வெப்சைட் உண்டு. டீலர்கள் அதில்தான் ஆர்டர் போடுவார்கள். அதைப் பழைய சர்வரில் இருந்து புதுசுக்கு மாற்ற வேண்டும். மேனேஜர் சுப்பிரமணியன் லேத் மெஷினில் நின்று மேலே வந்தவர். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புவார், அதையும் காலிப்பரில் அளந்த பிறகு. சென்னையில் இருந்து ஒரு கம்பெனி வந்து, மாற்றுவதென்ன, உங்கள் சர்வர் ரூம் வேலை முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பளபளவென்ற காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அவர் அருள்முருகனைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை தன் எதிரில் ஒத்திகை பார்த்துக் காட்ட வேண்டும். சாயந்திரம் ஐந்து மணிக்குள் சரியாக வந்தால் வேலை இங்கேயே நடக்கும். வராவிட்டால் சென்னைக்குக் கையெழுத்து. சர்வர் ரூமைப் பூட்டிவிடுவார்கள், அருள்முருகனை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள், பதினாலு வருஷ இன்சார்ஜ் அங்கே உட்கார்ந்து வாஷர் எண்ண வேண்டும். அவரோடு வேலை செய்யும் செந்தமிழ்ச்செல்வி கான்ட்ராக்ட் ஆள். அவளுக்கு அந்த வாஷரும் கிடையாது.

ஒத்திகைக்கு அருள்முருகன் ஏற்பாடு செய்திருந்ததைக் குறை சொல்ல முடியாது. ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பது போலப் பாவனை காட்டுகிற விர்ச்சுவல் மெஷின்களைப் போன வருஷமே அமைத்து வைத்திருந்தார். எதைக் கெடுத்தாலும் கம்பெனி கெடாது. ஒன்று பதிவேடு, அதற்குப் பெரியவர் என்று பெயர். ஒன்று கேள்வி கேட்கிற மெஷின். நடுவில், பதிலை ஞாபகம் வைத்துக்கொள்கிற கேஷ் மெஷின். இந்தக் கேஷ் மெஷின் மட்டும் அவருக்குத் தங்கவில்லை. அன்பழகன் என்று அழகாகப் பெயர் வைத்த முதலாவது நாலே நாளில் கெட்டுப்போனது. வடிவேல் என்று வைத்த இரண்டாவது ஒரு பவர்கட்டில் போய்ச் சேர்ந்தது. அருள்முருகனின் சொந்தக்காரர்கள் எல்லாரும் விழுப்புரம் பக்கத்து விவசாயிகள். பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறினால் அடுத்த பிள்ளைக்கு எமனும் எட்டிப் பார்க்காத பெயராக வைப்பது அங்கே வழக்கம். அவரும் யோசிக்கவில்லை. மூன்றாவதுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார். ஏழு மாதமாகிறது, குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு அதன்மேல் அவருக்கு ஏற்பட்ட பாசத்தைச் சொல்லி மாளாது. செல்வி அதன் பக்கம் மவுஸைக் கொண்டுபோனாலே கை வைக்காதே என்பார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. ஏ.சி. அறையில் மேனேஜர், அருள்முருகன், செல்வி மூன்று பேரும். வெப்சைட்டின் பெயரைக் கேட்டால் பத்து என்று முடிகிற எண் வந்தது. அது பழைய சர்வர். அருள்முருகன் பெரியவரின் பதிவேட்டைத் திறந்து பத்தை அழித்து இருபது என்று அடித்து, சேமித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். செல்வி கேட்டுப் பார்த்தாள். பத்துதான் வந்தது.

அருள்முருகனுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பதினாலு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? மண்ணாங்கட்டி பழைய பதிலை ஞாபகத்தில் வைத்திருக்கிறது, கெடு ஒரு மணி நேரம், பன்னிரண்டுக்கு இருபது வந்துவிடும் என்று மேனேஜருக்கு விளக்கினார். போர்டில் படம்கூடப் போட்டார். படம் பிரமாதமாக இருந்தது. மேனேஜர் தலையாட்டிவிட்டு டீ சொன்னார்.

பன்னிரண்டுக்கும் பத்துதான் வந்தது. சில சமயம் ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார் அருள்முருகன். ஒன்றுக்கும் பத்து. வெள்ளிக்கிழமை லோடு அதிகம் என்றார். ஒரு பெட்டிக்குள் இருக்கிற மூன்று பொய்க் கம்ப்யூட்டர்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன, அமாவாசை என்ன? ஆனால் அவர் சொல்கிற தோரணையில் மேனேஜரே, ஓகோ அப்படியா, என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

செல்வி போகவில்லை. கனகசெட்டிக்குளத்துப் பெண். வீட்டில் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். காத்திருப்பது அந்த வீட்டுக்குப் புதுசில்லை, ஆனால் எதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு, வந்த பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்திருந்தாள். ஒவ்வொரு பதிலோடும் கெடு இன்னும் எத்தனை செகண்டு பாக்கி என்று ஓர் எண்ணும் வரும். அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், கேஷ்ல இருந்து வந்தா இந்தக் கெடு கொறஞ்சிகினே வரணும் இல்ல? காலைல மூவாயிரத்து அறுநூறு. இப்பவும் மூவாயிரத்து அறுநூறு. ஒரு செகண்டு கூடக் கொறயல.”

“கொறயும். பொறும்மா.”

சொல்லிவிட்டுத் தயிர்சாத டப்பாவைத் திறந்தார். இரண்டாவது வாய் உள்ளே போகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை. ஒத்திகைக்கு முன்னால் மண்ணாங்கட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று, பத்திரமாக இருக்கட்டும் என்று, அதை அணைத்து வைத்தது அவரேதான். அது இல்லாமல் கேள்விக்குப் பதில் வராதே என்று, கேட்கிற மெஷினை நேராகப் பெரியவரிடமே கேட்கும்படி மாற்றியதும் அவரேதான். ஆக, காலையில் இருந்து மேனேஜரையும் உட்காரவைத்துக்கொண்டு எந்தக் கேஷின் கெடு முடியட்டும் என்று காத்திருந்தாரோ, அந்தக் கேஷ் மூன்று நாளாகத் தூங்குகிறது. பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது சாட்சாத் பெரியவர். பதிவேட்டை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியிருக்கிறேன், திரும்பப் படி என்று பெரியவருக்கு ஒரு வரி கட்டளை கொடுக்க வேண்டும். ரீலோட். அதை அவர் அடிக்கவே இல்லை.

பயந்துபோனார் மனுஷர். வாஷர் டப்பாக்கள் கண்ணுக்கு முன்னால் வரிசையாகத் தெரிந்தன.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கையைக் கழுவிவிட்டு வந்து அந்த ஒரு வரியை அடிப்போம். முப்பது செகண்டு வேலை. அடித்தால் இருபது வரும், வேலை பிழைக்கும். ஆனால் எதிரில் செல்வி உட்கார்ந்திருக்கிறாள், தாளோடு. அடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் வெளியே போகட்டும், அடித்துவிடலாம் என்று நினைத்தார் அருள்முருகன். அவள் டப்பாவை அங்கேயே திறந்தாள். தண்ணீர் பிடிக்கப் போவாள் என்று பார்த்தார். பாட்டில் நிறைய இருந்தது. மூன்று மணிக்கு, ஏம்மா, டீ குடிச்சிட்டு வாயேன் என்று கரிசனமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் டீ குடிப்பதில்லை. அதற்கப்புறம் அவர் செய்ததை நம்பத்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்: நிஜமாகவே காத்திருந்தார். அணைந்து கிடக்கிற மெஷினின் ஞாபகம் தானாக மறையும், இருபது தானாக வரும், இத்தனை வருஷம் வந்ததே, இன்றைக்கு மட்டும் வராமலா போய்விடும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கையோடு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஊருக்குச் சொல்லி ஏமாற்றியதை அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

நாலரைக்கு மேனேஜர் வந்தார். நின்றபடியே கேட்டார்.

“இன்னா முருகன், வந்துச்சா?”

“வந்துரும் சார். கேஷ்தான்.”

“அந்தக் கேஷ் மெஷினைக் காட்டுங்க. காலைல இருந்து அதப் பத்திதான் பேசறோம், நான் ஒரு தரம் கண்ணால பாத்துடறேன்.”

அருள்முருகன் மவுஸைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். வேறு வழியில்லாமல் ஸ்கிரீனில் மண்ணாங்கட்டியின் ஜன்னலைத் திறந்தார். கறுப்பாக இருந்தது. அணைக்கப்பட்டிருக்கிறது என்று மூலையில் சின்னதாக எழுதியிருந்தது. மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இத்தன நேரம் நாம யாருக்காகக் காத்துகினு இருந்தோம்?”

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. சந்தேகம் கேட்பவர் மாதிரிதான் கேட்டார். அருள்முருகனின் காது மடல் சிவந்துபோயிற்று. அவருக்கு அவமானமாக இருந்தது, அழுகைகூட வரும்போல இருந்தது. செல்வி எழுந்து, சார், நான் ஒரு வரி அடிக்கட்டுமா என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ரீலோட் என்று அடித்தாள். கேள்வியைக் கேட்டாள். இருபது வந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

மேனேஜர் தாளை எடுத்து அவள் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். அப்போதுதான் அருள்முருகன் வாயைத் திறந்தார். பதினாலு வருஷத்தில் சொல்லாததைச் சொன்னார்.

“நான்தான் சார் மறந்துட்டேன். மத்தியானமே தெரியும்.”

அதைக் கேட்டு மேனேஜர் உருகிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். அவர் வாட்சைப் பார்த்தார். சொன்னபடி ஐந்துக்குள் வந்துவிட்டது, வேலை இங்கேயே நடக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நிஜ சர்வரை மாற்றும்போது கீபோர்டில் செல்வி உட்காருவாள், அவளுடைய கான்ட்ராக்டையும் புதுப்பிக்கச் சொல்கிறேன் என்றார். அப்படியானால் எனக்கு என்ன வேலை என்று அருள்முருகன் கேட்கவில்லை, முகம் கேட்டது. டீலர்களின் போனை நீங்கள் பாருங்கள், அதில்தான் உங்களுக்கு அனுபவம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாஷர் எண்ணப் போகவில்லை என்ற நிம்மதியில் அருள்முருகனுக்கு அந்தக் குத்தல்கூட உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கோரிமேடு தாண்டும்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். மாற்றினாள், ரீலோட் அடித்தாள், நாலு இடத்தில் இருந்து கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் புது எண். திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு விழுப்புரம் டீலர் இராமதாஸிடம் இருந்து போன். பழைய பக்கமே வருகிறது, ஆர்டர் போக மாட்டேன் என்கிறது என்றார். அருள்முருகனுக்குத் திக்கென்றது. ஆனால் இந்தத் தடவை அவர் பெருமூச்சு விடவில்லை, ‘ம்ம்ம்’ போடவில்லை, ஸ்பேஸ் பாரையும் தட்டவில்லை. இங்கிருந்தே இராமதாஸின் கம்ப்யூட்டருக்குள் போய் முறையாகக் கேட்டுப் பார்த்தார். அந்த ஊருக்கு நெட் கொடுக்கிற கேபிள்காரரின் மெஷின் பழைய எண்ணை ஒரு நாள் கெடுவோடு பிடித்து வைத்திருந்தது. மறுபடி கேட்டார். கெடு குறைந்திருந்தது. இன்னொரு தடவை கேட்டார். இன்னும் குறைந்திருந்தது. நிஜமான, அசல், கலப்படமில்லாத கேஷ்! அவர் சர்வீஸில் கண்ணால் பார்த்து உறுதிசெய்த முதல் கேஷ். சந்தோஷத்தில் அவருக்குக் குரலே கொஞ்சம் நடுங்கியது.

“பொறுங்கண்ணே. கேஷ்ல இருக்கு. நாளைக்குக் காலைல சரியாயிடும்.”

பெருமூச்சு இந்தத் தடவை மறுமுனையில் இருந்து வந்தது.

“முருகன் சார், இத்தயேதான் எனக்கு நாலு வருஷமா சொல்றீங்க. எங்கனா ஒயரு கழண்டிருக்கும், போயிப் பாருங்க.”

அருள்முருகன் சத்தியம் பண்ணினார். எண் குறைகிற கணக்கைச் சொன்னார், செகண்டு செகண்டாக வாசித்தே காட்டினார். இராமதாஸ் மசியவில்லை. அங்கே செல்வி என்று ஒரு பொண்ணு இருக்குதாமே, அதனிடம் கொடுங்கள் என்றார். அருள்முருகன் போனை நீட்டினார். செல்வி ஸ்கிரீனை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

“பொறுங்கண்ணே. கேஷ்ல இருக்கு. நாளைக்குக் காலைல சரியாயிடும்.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார் இராமதாஸ்.

ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. கேஷைப் பற்றி அருள்முருகன் சொன்ன ஒரே உண்மை, அவர் வாயில் இருந்து வந்த ஒரே காரணத்தால் செல்லாமல் போய்விட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் ரூமும் இல்லை, கேஷும் இல்லை, உங்களுக்கென்ன? ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு நானும் போய்விடுகிறேன். போன வாரம் ஒருவர் உங்களுக்குப் போன் செய்து அந்தக் காகிதத்தை இன்னும் அனுப்பவில்லையே என்றபோது, அனுப்பிட்டேனே, வரலையா, நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்க என்று எவ்வளவு அக்கறையாகச் சொன்னீர்கள்! போனை வைத்த கையோடு அதை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தீர்களே, கிடைத்ததா? அவர் இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.